பழைய பிக்கப்பில் மைலேஜ் விழுந்தால்: வடசென்னை லோடு வண்டிக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 9-க்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். ஒரு நாள் ஓட்டம் 80 கிலோமீட்டர். முன்பு ஆறே முக்கால் லிட்டருக்குள் முடிந்த வேலைக்கு இப்போது ஒன்பது லிட்டர் போகிறது. மாதம் 25 நாள் ஓடினால் கூடுதலாக 55 லிட்டர். டீசல் விலை 90 ரூபாயைத் தாண்டி நிற்கும்போது இது கிட்டத்தட்ட 5,000 ரூபாய். சொந்த வண்டி ஓட்டும் ஒருவருக்கு இது தவணையில் ஒரு நல்ல பங்கு. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பட்டறைக்குப் போனால் பெரும்பாலும் முதலில் வரும் பேச்சு, "நாசில் பார்க்கணும், பம்பு இறக்கணும்." நாசில் என்பது சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் முனை, பம்பு அதற்கு டீசலை அழுத்தித் தள்ளுவது. சில வண்டிகளில் அது சரியான பதில்தான். ஆனால் பணம் அதிகம் கேட்கும் வேலையும் அதுதான். அதற்கு முன்பு பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன, அவற்றில் பாதிக்குச் செலவே இல்லை. குறிப்பாக நம் பக்கம் ஓடும் வண்டிகளுக்கு இரண்டு தொல்லைகள் உண்டு: கடலின் உப்பு, சாலையின் தூசி. காசிமேட்டில் மீன் ஏற்றும் வண்டியையும் அத்திப்பட்டு பக்கம் ஓடும் வண்டியையும் தாம்பரத்தில் ஓடும் வண்டியைப்போலப் பார்க்க முடியாது.

இங்கே சொல்லப்போவது டாடா 207, பொலேரோ பிக்கப், தோஸ்த், டாடா ஏஸ் போன்ற பழைய டீசல் வண்டிகளுக்கு, அதாவது 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை விதி வருவதற்கு முந்தையவற்றுக்கு. வரிசையை மாற்ற வேண்டாம். ஒரு வேலையை முடித்து, அளந்து பார்த்து, அப்புறம் அடுத்ததற்குப் போங்கள். நான்கைந்து வேலைகளை ஒரே நாளில் செய்தால் எது பலன் கொடுத்தது என்றே தெரியாது. அடுத்த முறை மைலேஜ் விழும்போது திரும்பவும் எல்லாவற்றுக்கும் காசு கொடுக்க வேண்டிவரும்.

முதலில் சரியான எண்ணைக் கண்டுபிடியுங்கள்

"ஆயிரம் ரூபாய்க்குப் போட்டா மூணு நாள் வரும், இப்ப ரெண்டு நாள்தான் வருது" என்று சொல்வதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. முள்ளைப் பார்த்துக் கணக்குப் போடுவதும் வீண். பழைய வண்டிகளில் டேங்க் மிதவை தேய்ந்து அரை டேங்கை முக்கால் டேங்காகக் காட்டும்.

டேங்கை நிரப்புங்கள். டீசல் அடிக்கும் துப்பாக்கி தானாக நின்றதும் நிறுத்திவிடுங்கள். ரூபாயை முழுசாக்க மேலே கொஞ்சம் ஊற்றச் சொல்லாதீர்கள். கிலோமீட்டரை எழுதிக்கொள்ளுங்கள். குறைந்தது 200 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு அதே பெட்ரோல் பங்குக்கு, முடிந்தால் அதே மெஷினுக்கு வந்து, மறுபடியும் தானாக நிற்கும்வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இப்போது ஏறிய லிட்டரால் வகுத்தால் மைலேஜ். இதை மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். ஒருமுறை எடுத்த எண்ணில் ஒன்றரை கிலோமீட்டர் வரை பிசகு வரலாம், வண்டி நிற்கும் சாய்வு மாறினாலே டேங்கில் ஏறும் அளவு மாறும்.

எண்ணுக்குப் பக்கத்திலேயே என்ன லோடு, எந்த ரூட், எவ்வளவு நேரம் நெரிசலில் நின்றது என்று ஒரு வரி எழுதுங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்கு நிற்கும் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட வாரத்தையும், செங்குன்றத்துக்கு அரிசி மூட்டை எடுக்கப் போன வாரத்தையும் ஒன்றாக வைத்து ஒப்பிடக்கூடாது.

மீட்டரையும் சோதிக்க வேண்டும். மாதவரம் ரவுண்டானாவிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஒரு 20 கிலோமீட்டர் தூரத்தை போன் வரைபடத்தில் குறித்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். வண்டி மீட்டர் 19 காட்டினால், மைலேஜும் அந்த அளவுக்குக் குறைவாகத்தான் தெரியும். பழைய வண்டி வாங்கியவர்கள் இதை அவசியம் பார்க்கவும். முந்தைய ஓனர் பெரிய டயர் மாட்டியிருந்தால் மீட்டர் குறைத்துக் காட்டும், வண்டி மேல் தப்பே இருக்காது.

பங்கின் அளவில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள். ஒவ்வொரு பங்கிலும் முத்திரை வைத்த 5 லிட்டர் அளவுப் பாத்திரம் இருக்க வேண்டும், அதில் பிடித்துக் காட்டச் சொல்ல வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. 5 லிட்டருக்கு 25 மில்லிக்கு மேல் குறையக்கூடாது. டீசலின் அடர்த்தியைச் சோதித்துக் காட்டச் சொல்லவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இன்னொன்று, டீசல் எரியாமலே போகிறதா என்று பாருங்கள். டேங்கின் அடிப்பக்கத்தை எல்லாரும் பார்ப்பார்கள். உப்புக் காற்றில் ஓடும் வண்டிகளில் ஓட்டை விழுவது பெரும்பாலும் மேல்பக்கத்தில், பட்டை வைத்து இறுக்கியிருக்கும் இடத்துக்குக் கீழே. அங்கே ஈரம் தேங்கித் துருவேறும். டேங்க் நிறைந்திருக்கும்போது, அதுவும் வண்டி ஆடும்போது மட்டும் கசியும், பாதி டேங்கில் நின்றுவிடும். டீசல் கசிந்த இடத்தில் தூசி ஒட்டிக் கறுப்பாகப் படிந்திருக்கும், கையை விட்டுத் தடவிப் பாருங்கள். இரவில் தெருவில் நிறுத்துகிறவர்கள் பூட்டு உள்ள மூடி போடுங்கள்.

வண்டி தடையில்லாமல் உருள்கிறதா

இங்கேதான் நம் பக்கத்து வண்டிகளில் அதிக டீசல் வீணாகிறது. பிரேக் லேசாகப் பிடித்துக்கொண்டே ஓடினால் ஓட்டுபவருக்குத் தெரியாது. ஒரே நாளில் வந்த மாற்றம் இல்லையே, கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது. ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கூட அழுத்தப் பழகிவிடுவார்.

மீன் லோடு வண்டிகளில் ஐஸ் உருகி வடியும் தண்ணீர் சாதாரணத் தண்ணீர் இல்லை, உப்பும் மீன் கழிவும் கலந்தது. அது பெட்டியின் மூலையிலிருந்து நேராகப் பின் ஆக்ஸில் மேல் ஊற்றும். பிரேக் டிரம்மின் பின் தகடு, வீல் சிலிண்டர், ஹேண்ட் பிரேக் கேபிள் எல்லாம் அதில் நனைந்துகொண்டே இருக்கும். கேபிள் உள்ளே துருப்பிடித்தால், லிவரை இறக்கினாலும் பிரேக் ஷூ முழுதாக விலகாது. முன்பக்கம் டிஸ்க் உள்ள வண்டிகளில் காலிப்பர் நகரும் பின்கள் இறுகிவிடும். ஒரு பக்க பேட் தேய்ந்துகொண்டே ஓடும்.

சோதிப்பது எளிது. பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, கடைசியில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் வண்டியை நிறுத்துங்கள். நான்கு சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள். தொட வேண்டாம், பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் கை வெந்துவிடும். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அங்கே பிரேக் பிடிக்கிறது, இல்லையென்றால் பேரிங் போயிருக்கிறது. பின்பக்கம் இரண்டும் சூடென்றால் முதலில் ஹேண்ட் பிரேக் கேபிளைப் பாருங்கள்.

அடுத்து, சமதளத்தில் எதிர்ச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கி போட்டுத் தூக்கி, நியூட்ரலில் கையால் சுற்றுங்கள். முன் சக்கரம் தானாகச் சில சுற்று சுற்ற வேண்டும். பின் சக்கரம் கிரவுனையும் (பின் ஆக்ஸிலின் நடுவிலுள்ள பல்சக்கரம்) சேர்த்து இழுப்பதால் சீக்கிரம் நிற்கும். ஆனால் இடது வலது இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். லேசான உரசல் சத்தம் பரவாயில்லை. கையால் தள்ளவே கஷ்டமாக இருந்தால் டிரம்மைக் கழற்றத்தான் வேண்டும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா என்றும் பாருங்கள், அது பேரிங்குக்கான சோதனை.

டிரம்மைக் கழற்றினால் சுத்தம் செய்து மூடிவிடாதீர்கள். வீல் சிலிண்டரின் ரப்பரை விலக்கிப் பாருங்கள். உள்ளே பிஸ்டன் துருவில் சிக்கியிருந்தால் சிலிண்டரை மாற்றுங்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுவது நிற்காது. காலிப்பர் பின்களுக்குச் சாதாரண கிரீஸ் வைத்தால் ரப்பர் உப்பிவிடும், அதற்கென்று விற்கும் சிலிக்கோன் கிரீஸ்தான் வைக்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உள்ளிருந்து துரு வர அதுவும் காரணம் என்பதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றிவிடுங்கள்.

இதோடு ஒரு சின்ன வேலை செய்தால் திரும்ப வராது. மீன் பெட்டியின் தண்ணீர் வெளியேறும் துளையில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, ஆக்ஸிலைத் தாண்டிப் பின்னால் விழுகிற மாதிரி கட்டிவிடுங்கள். கூடவே ஓட்டம் முடிந்ததும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வண்டி கழுவும் பல இடங்களில் குழாயில் வருவது போர் தண்ணீர், அதிலும் உப்பு இருக்கும். வீட்டுக்கு வரும் மெட்ரோ தண்ணீர் ஒரு வாளி போதும்.

வேலைக்கு முன்னும் பின்னும் உருளும் தூரத்தை அளந்துவிடுங்கள். ஞாயிறு விடியலில், வண்டி வராத சமமான ஒரு தெருவில், 30 கிலோமீட்டர் வேகத்தில் நியூட்ரல் போட்டு, வண்டி தானாக எங்கே நிற்கிறது என்று குறியுங்கள். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கட்டும். காற்றின் தள்ளலைக் கழிக்க எதிர்த் திசையிலும் ஒருமுறை செய்யுங்கள். பிரேக் வேலை சரியாக நடந்திருந்தால், அதே இடத்தில் வண்டி தெளிவாகத் தள்ளிப் போய் நிற்கும். டேங்க் கணக்குக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே தெரிந்துவிடும்.

டயரும் நேர்கோடும்

காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன்பு பார்க்க வேண்டும். மதியம் சூடான டயரில் அளவு கூடித்தான் காட்டும். அதைப் பார்த்து இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் குறைந்திருக்கும். லோடு வண்டியின் பின் டயருக்கு முன் டயரைவிட அதிகக் காற்று வேண்டும். அளவு கதவுத் தூணில் அல்லது கையேட்டில் இருக்கும். "எல்லாத்துக்கும் ஒரே காத்து அடி" என்று விட்டுவிடாதீர்கள். நூறு இருநூறு ரூபாயில் சொந்தமாக ஒரு காற்று மீட்டர் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, கடை மீட்டர்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை.

முன் டயர் ஓரத்தைக் கையால் உள்ளிருந்து வெளியே, வெளியிலிருந்து உள்ளே தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கலும் மறு திசையில் ரம்பம் மாதிரியும் இருந்தால் அலைன்மென்ட் போய்விட்டது. டை ராட் முனைகளில் ஆட்டம் இருந்தால் முதலில் அதை மாற்றிவிட்டு அப்புறம் அலைன்மென்ட் பாருங்கள். பின்னால் பட்டை ஸ்பிரிங்கின் நடு போல்ட் உடைந்திருந்தால் ஆக்ஸில் ஒரு பக்கம் நகர்ந்து வண்டி கோணலாக ஓடும். பின்னாலிருந்து ஒருவரைப் பார்க்கச் சொன்னால் போதும்.

காற்று வரும் வழி

எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கம் நிலக்கரித் தூளும் சாம்பலும். மணலி நெடுஞ்சாலையில் நாள் முழுக்க கண்டெய்னர் கிளப்பும் புழுதி. கையேட்டில் போட்டிருக்கும் ஏர் ஃபில்டர் கணக்கு சுத்தமான சாலைக்கு. இங்கே பாதி தூரத்திலேயே பார்த்துவிடுங்கள்.

தாள் ஃபில்டரைத் தரையில் தட்டக்கூடாது, தண்ணீரில் கழுவவும் கூடாது. காற்று அடிப்பதென்றால் உள்ளிருந்து வெளியே, குறைந்த அழுத்தத்தில், கொஞ்சம் தள்ளி வைத்து அடிக்க வேண்டும். பஞ்சர் கடை கம்ப்ரசரை முழு வேகத்தில் ஒட்டி வைத்தால் தாளில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும். அதன் வழியாகப் போகும் சாம்பல் சிலிண்டரையும் ரிங்கையும் தேய்த்துவிடும். சில நூறு ரூபாய் ஃபில்டருக்குப் பார்த்து இன்ஜினையே இழப்பது எனக்கு மனசு தாங்காத விஷயம். ஒன்றிரண்டு முறை சுத்தம் செய்த பிறகு புதிதாகவே போட்டுவிடுங்கள்.

ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் தூசி ஃபில்டரைத் தாண்டி நேராக உள்ளே போகும். டர்போ உள்ள வண்டியில் டர்போவிலிருந்து இன்டர்கூலர், அங்கிருந்து இன்ஜின் வரை எல்லாக் குழாயும் பாருங்கள். எண்ணெய்க் கறை ஈரமாகப் படர்ந்திருக்கும் இடத்தில் காற்று கசிகிறது. மேம்பாலம் ஏறும்போது "உஸ்" என்று ஒரு சத்தமும் கறும்புகையும் வந்து, இழுவையும் குறைந்திருந்தால் பெரும்பாலும் இதுதான். ஒரு கிளிப்பை இறுக்கினால் தீர்ந்துவிடும் வேலைக்குப் பம்பை இறக்கவேண்டாம்.

கழற்றிப் போட்ட தெர்மோஸ்டாட்

வண்டி ஒருமுறை சூடாகிவிட்டால், "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாத வால்வு) கழற்றி எறிந்துவிடும் வழக்கம் நம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. பழைய வண்டி வாங்கியவர் முதல் வேலையாக மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது: "அண்ணே, தெர்மோஸ்டாட் உள்ள இருக்கா, கழட்டிட்டாங்களா?"

அது இல்லாவிட்டால் தண்ணீர் எப்போதும் ரேடியேட்டர் வழியாகவே சுற்றும். 80 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டிய இன்ஜின் 60, 65-லேயே ஓடிக்கொண்டிருக்கும். குளிர்ந்த சிலிண்டரில் டீசல் முழுதாக எரியாது, இன்ஜின் ஆயில் கெட்டியாகவே இருந்து உராய்வு கூடும். நின்று நின்று ஓடும் குறுகிய ரூட்டில், தண்டையார்பேட்டை கொருக்குப்பேட்டை என்று சுற்றும் வண்டிக்கு, அது நாள் முழுக்கச் சூடேறாமலே ஓடுகிற நிலை. மைலேஜும் போகும், ஆயிலும் சீக்கிரம் கெடும்.

காலையில் குளிர்ந்த வண்டியைக் கிளப்பி, ரேடியேட்டருக்கு மேலே வரும் குழாயைத் தொட்டுப் பாருங்கள். ஃபேனிலிருந்து கையைத் தள்ளி வையுங்கள். தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தால் குழாய் சில நிமிடம் குளிர்ச்சியாகவே இருந்துவிட்டுச் சட்டென்று சூடாகும். கிளப்பியதிலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால், ஒன்று அது இல்லை, இல்லை திறந்தபடியே நின்றுவிட்டது. புதிது வாங்கினால் அதன் மேல் பொறித்திருக்கும் டிகிரியைப் பாருங்கள், உங்கள் இன்ஜினுக்கு உரியதாக இருக்க வேண்டும்.

சரி, மாட்டிய பிறகு வண்டி சூடானால்? அப்போது குற்றம் ரேடியேட்டரில். மீஞ்சூர் சுற்று வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே வந்திருப்பது பல காலமாகத் தெரிந்த செய்தி. அப்படிப்பட்ட போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டே இருந்தால் குழாய்களில் உப்புப் படிந்து அடைத்துவிடும். ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, டிஸ்டில்டு தண்ணீரில் கலந்த கூலன்ட் மட்டும் ஊற்றுங்கள். வெளியே தகடுகளில் அடைந்திருக்கும் சேற்றையும் மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். சூட்டுக்கேற்ப வேகம் மாறும் விஸ்கஸ் ஃபேன் உள்ள வண்டியில், நின்ற இன்ஜினில் ஃபேனைக் கையால் சுற்றினால் லேசான பிடிப்போடு சுற்ற வேண்டும். கட்டையாக இறுகியிருந்தால் அது எப்போதும் முழு வேகத்தில் ஓடி இன்ஜின் சக்தியைத் தின்றுகொண்டிருக்கிறது.

புகை சொல்லும் செய்தி, அப்புறம் டீசல் வேலை

இதுவரை சொன்னவை முடிந்து, அளந்து பார்த்தும் எண் ஏறவில்லையென்றால்தான் டீசல் பக்கம் போக வேண்டும். கறும்புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. சூடான பிறகும் கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை என்றால் டைமிங் (டீசல் தூவும் நேரம்) தள்ளிப்போயிருக்கலாம், நாசில் ஒழுகலாம், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் அளவு) இறங்கியிருக்கலாம். நீலப்புகை இன்ஜின் ஆயில் எரிவது. வெள்ளைப் புகையோடு ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள்.

உங்களிடம் ஏற்கெனவே ஒரு பரிசோதனைச் சீட்டு இருக்கிறது. புகைச் சான்றிதழில் அடர்த்தி எண் அச்சாகியிருக்கும். பி.எஸ். 4-க்கு முந்தைய டீசல் வண்டிக்கு வரம்பு 65, பி.எஸ். 4-க்கு 50. வரம்புக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து மடித்து வைக்காமல், பழைய சீட்டுகளையும் வைத்து ஒப்பிடுங்கள். 30-ல் இருந்தது 55-க்குப் போயிருந்தால், அது மைலேஜ் விழத் தொடங்கிய காலத்தையும் காட்டிவிடும்.

முதலில் டீசல் ஃபில்டரை மாற்றுங்கள், அடியில் தேங்கிய தண்ணீரை வடியுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தண்ணீரை வாரம் ஒருமுறை வடிக்கலாம். டேப்பட் (வால்வு) இடைவெளியையும் சரிபாருங்கள். அப்புறம் நாசில்களைக் கழற்றி டீசல் பம்பு கடையில் கொடுத்து, ஒவ்வொன்றும் எந்த அழுத்தத்தில் திறக்கிறது, பனிபோலத் தூவுகிறதா இல்லை தாரையாக ஊற்றுகிறதா என்று உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். ஒழுகும் நாசில் மட்டும் மாற்றினால் போதும். திரும்ப மாட்டும்போது அடியில் புதிய செம்பு வாஷர் போட வேண்டும்.

பழைய மெக்கானிகல் பம்பு வண்டிகளில் இன்னொன்றைப் பாருங்கள்: பம்பின் சீல் இருக்கிறதா. "பிக்கப் பத்தல" என்று சொன்ன முந்தைய ஓனருக்காக யாரோ ஒருவர் சீலை உடைத்து டீசல் திருகாணியை ஏற்றி வைத்திருக்கலாம். வண்டி இழுக்கும், ஆனால் கறும்புகை விட்டுக்கொண்டே டீசலைக் குடிக்கும். அதைக் கண்ணளவில் திருப்பிச் சரிசெய்ய முடியாது, டெஸ்ட் பெஞ்சில் கேலிபிரேஷன் செய்து டைமிங்கோடு மாட்ட வேண்டும்.

கணினி டீசல் அளவைத் தீர்மானிக்கும் காமன் ரெயில் வண்டிகளில் எதையும் கழற்றும் முன்பு ஸ்கேனர் போடுங்கள். இன்ஜின் சூட்டைச் சொல்லும் சென்சார் கெட்டுப்போய் "இன்ஜின் குளிர்ந்திருக்கிறது" என்று பொய் சொன்னால், கணினி தேவையில்லாமல் டீசலைக் கூட்டும். வெளியேறும் புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பிவிடும் ஈ.ஜி.ஆர். வால்வு கரி பிடித்துத் திறந்தபடி நின்றாலும் இழுவை போய்க் கறும்புகை வரும். அதைச் சுத்தம் செய்யுங்கள். தகடு வைத்து அடைக்கச் சொல்வார்கள், செய்யாதீர்கள், அது வெளியேற்ற விதிக்கு எதிரானது.

கிளட்சுக்கு ஒரு சின்னச் சோதனை. லோடோடு மூலக்கடை மேம்பாலத்தில் மேல் கியரில் ஏறும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் பிளேட் வழுக்குகிறது. ஆயில் விஷயத்தில் கையேட்டில் உள்ள கிரேடை மட்டும் ஊற்றுங்கள், இந்த இன்ஜின்களில் பலவற்றுக்கு 15டபிள்யூ-40. புகையை மறைக்கக் கெட்டி ஆயில் ஊற்றினால் உராய்வுதான் கூடும். வியாசர்பாடி சுரங்கப்பாதை மாதிரி தேங்கிய தண்ணீரில் சக்கர அச்சு முழுக இறங்கி வந்திருந்தால் கிரவுன் ஆயிலை எடுத்துப் பாருங்கள். பால் நிறமாக இருந்தால் உடனே மாற்றுங்கள்.

சுமை, நிறுத்தம், கால்

கேபின் மேல் போட்ட இரும்புக் கூண்டு, முன்னால் கனமான பம்பர், சீட்டுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டே போகும் சங்கிலி, கயிறு, பழைய பேட்டரி எல்லாம் சேர்ந்தால் நூறு கிலோ சுலபமாக வரும். நெரிசலில் ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் அந்தச் சுமையையும் சேர்த்துத்தான் இழுக்கிறது. தார்ப்பாயை இழுத்துக் கட்டுங்கள், படபடத்துப் பறக்கும் தார்ப்பாய் நெடுஞ்சாலையில் காற்றைப் பிடித்து நிறுத்தும்.

இரண்டரை லிட்டர் டீசல் இன்ஜின் ஒரு மணி நேரம் சும்மா ஓடினால் அரை லிட்டருக்கு மேல் போகும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கும்போதும், கோடவுனில் சீட்டு வாங்கும்போதும் அணைத்துவிடுங்கள். பேட்டரியும் ஸ்டார்ட்டரும் நன்றாக இருந்தால்தான் அணைக்க மனம் வரும். "திரும்ப ஸ்டார்ட் ஆகாதோ" என்ற பயத்தில் நாள் முழுக்க ஓடவிடும் வண்டிகள் உண்டு. அந்த வண்டிக்குப் புதிய பேட்டரிதான் மைலேஜ் மருந்து. டர்போ வண்டியை லோடோடு வேகமாக வந்து நிறுத்தினால் மட்டும் ஒரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள்.

கியரைச் சீக்கிரம் மாற்றுங்கள். டீசலுக்கு இழுவை கீழ் சுற்றிலேயே உண்டு, கதறவிட்டுத்தான் அடுத்த கியர் என்பது தேவையில்லை. அதற்காக இன்ஜின் திணறும் அளவுக்கும் போகாதீர்கள். மேம்பாலம் இறங்கும்போது நியூட்ரல் போடுவதால் லாபமில்லை. கியரிலேயே காலை எடுத்தால் பம்பு டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில் இன்ஜின் தானாக ஓடவே டீசல் வேண்டும். சாவியை அணைத்து உருட்டுவது மிக ஆபத்து. பிரேக்குக்கு உதவும் வேக்கம் போய்விடும், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளலாம்.

மைலேஜ் கூடும் என்று விற்கிறார்களே, டேங்கில் ஊற்றும் திரவம், குழாயில் மாட்டும் காந்தம், ஹைட்ரஜன் கிட் இவற்றுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட பொருட்களை ஆராய்ந்தது, மிகச் சிலவற்றில்தான் ஏதோ சிறு பலன் தெரிந்தது. அந்தப் பணத்துக்கு ஒரு ஏர் ஃபில்டரும் தெர்மோஸ்டாட்டும் வந்துவிடும்.

இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் மைலேஜ் இல்லையென்றால் கம்ப்ரஷன் சோதனை செய்யுங்கள். அதற்கு முன்பு, இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியை மெதுவாகத் திறந்து பாருங்கள். புகை குப்குப்பென்று அழுத்தத்தோடு வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. சிலிண்டர்களுக்கு நடுவே அழுத்த வித்தியாசம் பெரிதாக இருந்தால், நாசிலை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை.

சிலிண்டரைக் கடைந்து ரிங் மாற்றும் போர் வேலைக்கு விலை கேட்டதும் முடிவெடுக்க வேண்டாம். மாதம் எத்தனை லிட்டர் மிச்சமாகும், அது எத்தனை ரூபாய் என்று உங்கள் நோட்டிலிருந்தே கணக்குப் போடுங்கள், அதோடு மாதம் ஊற்றும் ஆயில் செலவையும் சேருங்கள். மொத்தச் செலவை அதால் வகுத்தால் எத்தனை மாதத்தில் திரும்பும் என்று தெரியும். ஒன்றரை வருடத்துக்குள் திரும்பினால், சேஸிஸும் நன்றாக இருந்தால், செய்யலாம் என்பது என் அபிப்பிராயம். சேஸிஸில் துரு துளைத்திருந்தால் வேண்டாம். எட்டு வருடம் தாண்டிய லோடு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும், அந்தத் துருவுக்கும் ஒவ்வொரு வருடமும் வெல்டிங் கூலி கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டிவரும்.

மீன் லோடு அடிக்கிறவர்களுக்கு இதற்கென்றே ஒரு காலம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, வண்டிக்கு ஓட்டம் குறைவு. பிரேக், ரேடியேட்டர், டேங்க் வேலைகளை ஏப்ரல் கடைசியிலேயே கொடுத்துவிடுங்கள். இன்ஜின் வேலை என்றால் மே மாதத்துக்குள் முடிய வேண்டும், ஏனென்றால் புதிய ரிங் படிய முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லோடில், அதிகம் கதறவிடாமல் ஓட்டி, அது முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். ஜூன் 15 விடியலில் காசிமேட்டில் முழு லோடு ஏறும்போது அந்த ஆயிரம் கிலோமீட்டர் முடிந்திருக்க வேண்டும்.